ஜெயபாய் டீச்சரின் தரை

ஜெயபாய் டீச்சரின் ஒன்றாம் வகுப்பைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்களிலிருந்து ஆட்கள் பஸ் ஏறி வந்த காலம் ஒன்று உண்டு. எண்பதுகளின் கடைசி அது. தளவாய்புரத்தைத் தாண்டி மேற்கே மலையைப் பார்த்து நடந்தால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு வேப்பமரம், அதை ஒட்டிக் கொடிக்கம்பம். மற்ற வகுப்புகள் எல்லா ஊரிலும் இருப்பதைப் போலத்தான் இருந்தன. காரை பெயர்ந்த சுவர், குழி விழுந்த தரை, கால் ஆடும் நாற்காலி. ஒன்றாம் வகுப்பை எட்டிப் பார்த்தவர்கள் மட்டும் தங்களை அறியாமல் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றச் சொல்லி அங்கே யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

முதலில் கண்ணில் படுவது தரைதான். காவி கலந்து இழைத்த சிமெண்டுத் தரை. குனிந்தால் முகம் தெரியும். டீச்சரின் வீட்டுக்காரர் ஞானதுரை ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். கோடை விடுமுறையில் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து, தானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவி சொன்ன நிறம் வருகிறவரை குழைத்துக் குழைத்துப் போட்டுக் கொடுத்த தரை அது. அதைப் பளபளப்பாக வைத்திருக்கிற பக்குவம் டீச்சருடையது. சர்ச்சுக் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை, அங்கே மணியடிக்கிற கோயில்குட்டியிடம் கேட்டு வாங்கி, தேங்காயெண்ணெயில் உருக்கி ஆறவைத்து, மில் கழிவுப் பஞ்சால் தொட்டுத் தேய்ப்பாள். சனிக்கிழமைதோறும் இந்த வேலை. மற்ற டீச்சர்கள் சனிக்கிழமை துணி ஊறவைத்து, தலைக்கு எண்ணெய் தேய்த்து, அசந்து தூங்குவார்கள். இவள் தூக்குச்சட்டியில் புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

சுவரில் நீலம் கலந்த வெள்ளை. பிள்ளைகள் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருகிற உயரத்தில் கொக்கு, மைனா, கௌதாரி, மரங்கொத்தி என்று வரிசையாகப் பறவைகள். ஜன்னலுக்குச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் திரை. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தொங்கும். அய்யனார் கோயில் ஆற்றில் பொறுக்கிய கூழாங்கற்கள் வெள்ளையில் தொடங்கிக் கறுப்பில் முடியும்படி ஒரு பலகையில் அடுக்கியிருக்கும். எண்ணிப் படிக்க மண்கிண்ணங்களில் குன்றிமுத்தும் புளியங்கொட்டையும். ஆளுக்கொரு குட்டிக் கோரைப்பாய். மேஜைமேல் கண்ணாடித் தம்ளரில் ஒரே ஒரு பூ. இன்னொரு பூ வைத்தால் அழகு கெட்டுப் போகும் என்பாள்.

ஜெயபாய்க்குக் கோயிலில் ஜெபம் வராது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் அடுப்பில் வைத்த பருப்பு வரும், பஸ் வரும், நாத்தனார் சொன்ன சுடுசொல் வரும், ஆண்டவர் மட்டும் வரமாட்டார். சனிக்கிழமை தனியாக அந்த அறையில் மண்டிபோட்டுத் தரையைத் தேய்க்கிறபோது, மனசு தானாக வாயை மூடிக்கொள்ளும். கை வட்டமாகச் சுற்றும். தென்னந்தோப்புக் காற்று திரையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போகும். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும். அவளுக்கு அதுதான் ஆராதனை. ஞானதுரைக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் "எங்க வீட்டம்மாவுக்கு ரெண்டு கோயிலு. ஒன்னுல நானும் மெம்பரு" என்று மில்லில் சொல்லிச் சிரிப்பார்.

அவள் கையில் பிரம்பு கிடையாது. ஒரு பிள்ளையைக்கூடத் தொட்டு அடித்ததில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமைப்படுவது பாவம் என்று தெரிந்தும் பெருமைப்பட்டாள். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். காலை மணி அடித்து ஜெபம் முடிந்த பிறகு வெளியே போகிற பிள்ளை, திரும்பக் கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அடிபம்பு தெருமுனையில் இருந்தது. ஒதுங்குவதற்குப் பள்ளிக்கூடத்தின் பின்னால் உடைமரக் காடு. போய், வந்து, பம்பை அடித்து, காலைக் கழுவி, ஈரக்காலைத் துடைத்து உள்ளே வருவதற்குள் பாடம் முடிந்துவிடும். ஆகவே யாரும் கேட்கவில்லை. தன் பிள்ளைகள் எப்படி அடங்கி உட்கார்ந்திருக்கின்றன என்று அவள் அதையும் கர்த்தரின் கணக்கில் எழுதினாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. வெள்ளத்தாய் என்கிற பிள்ளை பாயிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. தரையில் ஓடி, கல் அடுக்கிய பலகையின் காலடிவரை போய்விட்டது. ஜெயபாய் திட்டவில்லை, முறைக்கவில்லை. பிள்ளையைப் பத்திரமாகத் தூக்கி வெளியே நிறுத்திவிட்டு, தானே மண்டிபோட்டுத் துடைத்தாள். துடைக்கிறபோது கண்ணீர் வந்துவிட்டது. முந்தின சனிக்கிழமைதான் அம்புட்டுப் பாடுபட்டிருந்தாள். அப்படியே கைகூப்பி, "ஆண்டவரே, இதைப் பாராட்டாதேயும், உம்முடைய இடத்தைத் திரும்பச் சுத்தமாக்கும்" என்று வாய்விட்டு ஜெபம்பண்ணினாள். அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அந்தத் தரையில் ஒரு சொட்டு விழுந்ததில்லை. தன் ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் ஜெயபாய் நம்பினாள். யாரால் கேட்கப்பட்டது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது. மேற்கே மலை புகை மூடியதைப் போலக் கிடந்தது. பள்ளிக்கூடமோ கொண்டாட்டத்தில் இருந்தது. ஜெயபாயின் வகுப்பை மாதிரி வகுப்பாகக் காட்டப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை மற்றப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களைக் கூட்டிக்கொண்டு பெரியவர்கள் வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் பொன்னுராஜ் சேதி சொன்னார். சொன்னதிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. பந்தல்காரனை அழைத்துப் பேசினார், கலர் சோடா வாங்கப் போனார், வேப்பமரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை முன்வரிசையில் ஒரு பாய் காலியாகக் கிடந்தது. சுடலையம்மாள் வரவில்லை. அப்பன் இருளப்பசாமி செங்கல் சூளையில் வேலை. அம்மா முத்துப்பேச்சி பருத்தி எடுக்கவும் களை பறிக்கவும் போகிறவள். பிள்ளை ரொம்பச் சூட்டிகை. கல்லை அடுக்கச் சொன்னால் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கிற நிறத்தைக்கூடக் கண்டுபிடித்து வைக்கும். விசாரித்ததில் காய்ச்சல் என்றார்கள். பிறகு, நெருப்பாய்க் கொதிக்கிறது, ஒன்றுக்குப் போனால் ரத்தமாய்ப் போகிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். முத்துப்பேச்சியின் தங்கச்சி அங்கே வாக்கப்பட்டிருந்தாள். சோறு கொண்டுவர ஆள் உண்டு என்று ராஜபாளையத்தில் இறங்காமல் அங்கே போய்விட்டார்களாம்.

ஜெயபாய் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி, தேரடிப் பக்கம் ஒரு கடையில் பால்கோவா வாங்கினாள். சுடச்சுட இருந்தது. ஆண்டாள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, எம்புட்டு வேலைப்பாடு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். பிள்ளைக்காக நெடுக ஜெபித்துக்கொண்டே நடந்தாள். நல்ல டீச்சர் ஒருத்தி செய்யவேண்டியதைத் தான் செய்கிறோம் என்கிற திருப்தியும் கூடவே நடந்தது. பின்னால் அவளை அதிகம் கூசவைத்தது அந்தத் திருப்திதான்.

வார்டில் கடைசிக் கட்டிலில் கிடந்தது பிள்ளை. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டீச்சரைக் கண்டதும் முத்துப்பேச்சி பதறி எழுந்து, இருந்த ஒரே ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள். எதற்கு டீச்சர் இந்த வெயிலில், எங்களுக்காகவா, என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை எழுந்து உட்காரப் பார்த்தது. கைகட்டி "குட்மார்னிங் டீச்சர்" என்றது. அப்போது மத்தியானம்.

வாய் காய்ந்து கிடக்கிறதே என்று ஜெயபாய் கூஜாவிலிருந்து தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை தம்ளரைப் பார்த்தது. பிறகு டீச்சரைப் பார்த்தது. தலையை ஆட்டியது.

"குடி கண்ணு. தாகமா இல்லையா?"

"தாகமாத்தான் இருக்கு டீச்சர்."

"பொறவென்ன, குடி."

"நீங்க போனப் பொறவு குடிக்கேன்."

ஜெயபாய் சிரித்தாள். வெட்கப்படுகிறது என்று நினைத்தாள். முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. தம்ளரை வெடுக்கென்று வாங்கி ஸ்டூலடியில் வைத்துவிட்டு, புள்ளைக்கு இப்பத்தான் குடுத்தேன் என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். அந்தப் பேச்சில் ஏதோ சரியில்லை. ஜெயபாய் விடவில்லை. என்ன சங்கதி, எங்கிட்டச் சொல்லக்கூடாதா என்று துருவினாள். முத்துப்பேச்சி கட்டில் கம்பியைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"ஒன்னுமில்ல டீச்சர். நீங்க மனசு வருத்தப்படக் கூடாது."

"நான் ஏன் வருத்தப்படுதேன். சொல்லு."

"உங்க வகுப்புக்கு அனுப்புத புள்ளைகளுக்கு நாங்க காலையில தண்ணி குடுக்கிறதில்ல டீச்சர். எங்க தெருவுல யாருமே குடுக்கிறதில்ல. பழையசோத்து நீச்சத்தண்ணியும் கெடையாது, கட்டிச்சோறா ஒரு வாய் குடுத்து விட்டுருவோம். மத்தியானமும் சாப்பிட்டுட்டு வாயைக் கொப்பளிச்சுத் துப்பிரணும்னு சொல்லித்தான் அனுப்புவோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொம்புசொம்பாக் குடிக்கும்."

"எதுக்கு?"

"வெள்ளத்தாய் நனைச்சுப்புட்டான்னு அன்னிக்கு நீங்க அழுதீகளாமே. மண்டிபோட்டு சாமிக்கிட்ட மன்னிப்புக் கேட்டீகளாமே. அவ அம்மா எங்க எல்லாருக்கிட்டயும் வந்து சொல்லி அழுதா. டீச்சர் ஒரு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட மனசு ஆறிருக்கும்னா. உங்க வகுப்பு கோயிலு டீச்சர். நாங்க வந்து பாத்திருக்கமே. எங்க புள்ளைக அப்படி ஒரு இடத்துல உக்காந்து படிக்கிறதே பெருசு. அதுல போயி எங்க புள்ளை அசிங்கம் பண்ணிட்டா நாங்க எந்தத் தண்ணியில போயி முழுகுவோம்? அதான் நாங்களே பேசி வச்சுக்கிட்டோம்."

சொல்லிவிட்டு முத்துப்பேச்சி, "இவளுக்குத்தான் சேரல. மத்த புள்ளைக நல்லாத்தான் இருக்குதுக" என்று டீச்சரைத் தேற்றுகிறவளைப் போலச் சேர்த்துக்கொண்டாள்.

ஜெயபாயின் மடியில் பால்கோவாப் பொட்டலம் சுட்டது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு காலையும் கைகூப்பி உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளின் வாயும் ஒன்றுபோல அவள் கண்முன் வந்தது. காய்ந்த உதடுகள். தெரிந்துதானே இருந்தது. பனிக்காலத்து வெடிப்பு, வெயில்காலத்து வெடிப்பு என்று ஒவ்வொரு பருவத்துக்கும் அவள் ஒரு காரணம் வைத்திருந்தாள். வீட்டில் மிச்சமிருந்த வாஸ்லினைக் கொண்டுவந்து தடவிக்கூட விட்டிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். சின்ன வயசுக்காரர், வேலைச் சடைவு முகத்தில் இருந்தது. சீட்டைப் பார்த்தார், பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நீர்க்கடுப்பு முற்றிக் கிருமி பிடித்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிட்னியே போயிருக்கும் என்றார். பிறகு முத்துப்பேச்சியின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பிள்ளைக்கு நீ ஒழுங்கா தண்ணியே குடுக்கலை. குடுத்தியா, இல்லையா?"

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "மறந்திருவேம்மா. காட்டு வேலைக்குப் போற அவசரம்."

"மறந்திருவியா? நீயெல்லாம் ஒரு தாயா? ஆடு மாட்டுக்குக் கூட நேரத்துக்குத் தண்ணி காட்டுறீங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் இருக்கிற திசையைக்கூட முத்துப்பேச்சி பார்க்கவில்லை. பார்த்தால் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்று பயந்தவளைப் போல இருந்தது. "நீங்க யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

இப்போது சொல்லவேண்டும் என்று ஜெயபாய்க்குத் தெரிந்தது. நான்தான் காரணம் என்று ரெண்டே வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. கூடவே வெள்ளிக்கிழமையும் வந்தது, பந்தலும் பொன்னுராஜ் சாரின் நடையும் வந்தன. டாக்டரம்மா எழுதி அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்கிற எண்ணமும் வந்தது.

"நான் அவ டீச்சர்" என்றாள்.

"டீச்சரா? நல்லது. இதுகளுக்கு நீங்கதான் எடுத்துச் சொல்லணும். நாங்க சொன்னா ஏறாது, டீச்சர் சொன்னாத்தான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். "சரிங்க டாக்டர்" என்று ஜெயபாய் சொன்னாள். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று பிற்பாடு பலநாள் யோசித்தாள். அவளுடையதுதான்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று உறைக்கவில்லை. சத்துணவு ஆயா ஒருநாள், "ஒன்னாப்புப் புள்ளைக பானைப் பக்கமே வாரதில்ல டீச்சர், பெரிய வகுப்புக் கழுதைகதான் கொட்டிக் கவுக்குது" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது. அடித்திருந்தால் பெற்றவர்கள் சண்டைக்கு வந்திருப்பார்கள். திட்டியிருந்தால் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்து ஆற்றியிருக்கும். அவள் அழுதாள். அழுகிறவளிடம் யார் சண்டைக்கு வருவார்கள்?

சாயங்காலம் வீட்டில் உலை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஷிப்டு முடிந்து வந்த ஞானதுரை சட்டையைக் கழற்றிக்கொண்டே என்ன என்று கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா கேட்டபோது பேசாமல் இருந்ததையும் சொன்னாள். அவர் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிட மாட்டாரா என்று அவள் எதிர்பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் செய்வார். அன்றைக்கு அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"தரையப் பேத்துப் போட்டுருவமா?" என்றார்.

"தரை என்னங்க பண்ணுச்சு."

"அதுவும் சரிதான்." குழாயடியில் கைகாலைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எங்க மில்லுல புதுசா மெஷின் வந்தா, மேனேஜரு அதுக்குப் பொட்டு வச்சு மாலை போட்டு, யாரும் தொடக்கூடாதும்பாரு. மெஷினு நல்லாத்தான் இருக்கும். நூலு வராது. ஜெயா, நீ அந்தப் பொம்பளகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

இல்லை என்று அவள் தலையாட்டினாள். கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஸ்டூலைவிட்டு எழுந்து, பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். முத்துப்பேச்சி வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொன்னுராஜிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவை ஒருச்சாய்த்து மூடிவிட்டுக் கேட்டார். நல்ல மனுஷர், கேட்கக் கேட்க அவருக்கும் வேர்த்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது அல்லவா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றார். இப்போது இதை யாரிடமும் பேசவேண்டாம், வெள்ளிக்கிழமை கழியட்டும், பொறவு வகுப்புக்கே தனியாப் பானை வைப்போம், பைப்பே போடுவோம் என்றார். "பேரு உங்களுக்கு மட்டுமில்ல டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும்தான்" என்றார். அவள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் தண்ணீர் குடிக்கலாம், வெளியே போகலாம், கால் கழுவ வேண்டாம் என்று சொன்னாள். சரிங்க டீச்சர் என்று ஒரே குரலில் சொல்லின. யாரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். திரை வழியாக வந்த வெயில் தரையில் விழுந்து அறையே ஒரு மாதிரி ஒளியில் இருந்தது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பறவைகளைப் பார்த்தார்கள், கற்களைப் பார்த்தார்கள், புளியங்கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் கைகட்டி, முதுகு நிமிர்த்தி, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. எம்புட்டு அடக்கம் என்று வந்த டீச்சர்களில் ஒருத்தி வாய்விட்டுச் சொன்னாள். பிள்ளைகளின் உதடுகளை ஜெயபாய் பார்க்காமலிருக்கப் பார்த்தாள்.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தரையை எப்படி இப்படி வைத்திருக்க முடிகிறது என்று அந்தப் பெரியவர் கேட்டார். குறிப்பெடுப்பதற்காகச் சிலர் பேனாவைத் திறந்தார்கள்.

"எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று ஜெயபாயின் வாய் சொன்னது.

எத்தனையோ தரம் சொல்லிப் பழகிய வார்த்தை. அவளைக் கேட்காமலே வந்து விழுந்துவிட்டது. எல்லாரும் தலையாட்டினார்கள். பொன்னுராஜ் சால்வை போர்த்தினார். பிள்ளைகள் கைதட்டின. அந்த நிமிஷம் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அது பிளக்கிற தரை இல்லை, ஞானதுரை போட்ட தரை.

சனிக்கிழமை அவள் தரை தேய்க்கப் போகவில்லை. எத்தனையோ வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். டாக்டரம்மாவைப் பார்த்து, அந்தத் தாய்மேல் தப்பில்லை, நான்தான் காரணம் என்று சொல்லிவிடுவது என்று முடிவுபண்ணியிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். வார்டில் அந்தக் கட்டிலில் வேறு யாரோ கிடந்தார்கள். பிள்ளையை அனுப்பியாயிற்று என்றாள் நர்ஸ். வரிசையில் நின்று டாக்டரம்மாவைப் பார்த்தாள். சொல்ல ஆரம்பித்ததும் அவர் நெற்றியைச் சுருக்கி, "எந்தப் பிள்ளை?" என்று கேட்டார். அடையாளம் சொல்லியும் அவருக்கு நினைவு வரவில்லை. தினம் எத்தனையோ பிள்ளைகள். "நல்லாத்தான் போயிருக்கும், நிறையத் தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் ஒருத்தி வாங்கிய ஏச்சை எல்லார் முன்னாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தவளுக்கு அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

அங்கிருந்து நேரே முத்துப்பேச்சியின் தெருவுக்குப் போனாள். அவள் காட்டிலிருந்து வந்து பருத்திமாரை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயபாய் நின்றபடியே கண்கலங்கி மன்னிப்புக் கேட்டாள். முத்துப்பேச்சிக்கு அது புரியவே இல்லை. என்ன டீச்சர் நீங்க போயி, என்று பயந்து எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவும் டீச்சரை அழவைத்துவிட்டோமே என்று அவள் கண்ணும் கலங்கிவிட்டது. "இனிமே நல்லா பாத்துக்கிடுதோம் டீச்சர், ஒரு குத்தம் வராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். ஜெயபாய் அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அழுவதற்குக்கூடத் தனக்கு இனி உரிமை இல்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் சுடலையம்மாள் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. மெலிந்து, சட்டை தொளதொளத்து, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு ஜெயபாய் ஒரு புதுப் பானையை வகுப்புக்குள்ளேயே கொண்டுவந்து, நட்டநடுவில், சிவப்புத் தரைமேல் மணலைக் கொட்டி அதன்மேல் வைத்திருந்தாள். மணல் நாலாபக்கமும் சிதறிக் கிடந்தது. அதை அவள் கூட்டவில்லை. பானை கசிந்து மணலெல்லாம் ஈரம். பாடம் எதுவும் நடத்தவில்லை. எல்லாரும் தண்ணீர் குடிக்கவேண்டும், டீச்சர் கண்ணுக்கு முன்னால் குடிக்கவேண்டும் என்றாள். தானே முதலில் ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியும் காட்டினாள்.

பிள்ளைகள் வரிசையாக வந்தன. சொன்னபடி கேட்கிற பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் மொண்டு கொடுத்தாள். ஒவ்வொன்றும் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. கடைசிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஒரு பிள்ளையும் பாயில் உட்காரவில்லை. எல்லாம் வாசல் பக்கம் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றின் கன்னமும் உப்பியிருந்தது. யாரும் பேசவில்லை, பேச முடியாது. வெளியே போக உத்தரவு கேட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

"முழுங்குங்க" என்றாள். பிள்ளைகள் தரையைப் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன. முன்னால் நின்ற சுடலையம்மாளுக்கு அடக்க முடியவில்லை. விடுவிடென்று வேப்பமரத்தடிக்கு ஓடியது. வாயிலிருந்ததை எல்லாம் துப்பியது. பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் ஓடித் துப்பின. வெடித்துக் கிடந்த மண் உடனே குடித்துவிட்டது.

சுடலையம்மாள் திரும்பி வந்தது. வாசலில் நின்று ஒரு காலால் மறு காலைத் தேய்த்துப் புழுதியைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, முன்வரிசையில் தன் பாயில் உட்கார்ந்து கைகட்டிக்கொண்டது. டீச்சர் கண்கலங்கி இன்னும் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்ததும் அதற்கு முகம் வாடிவிட்டது.

"அழுவாதீங்க டீச்சர்" என்றது. "நான் நனைக்கவே மாட்டேன்."